மரம் வெட்டவா படித்தாய் என்று கேட்கும் பெற்றோருக்கு

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை செலாயாங்கில் என் தங்கை வீட்டில் மதியச் சாப்பாடு. அவள் மகன் புத்ரா பல்கலைக்கழகத்தில் வனவியல் படித்து முடித்தவன். பட்டம் வாங்கி இரண்டு வருடமாக ஒரு கைப்பேசிக் கடையில் வேலை பார்க்கிறான். ஒரு நகராண்மைக் கழகத்துக்கு விண்ணப்பித்திருப்பதாகவும், சாலையோர மரங்களைப் பரிசோதிக்கிற வேலை என்றும் சாப்பாட்டின் நடுவே சொன்னான். தங்கை கையிலிருந்த அகப்பையைச் சட்டியிலேயே போட்டுவிட்டாள். "நாலு வருஷம் படிச்சது மரம் வெட்டப் போறதுக்கா?" என்றாள். கேட்டது அவனை, பார்த்தது என்னை.

நான் 37 ஆண்டு அந்த வேலை செய்தவன். கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு நகராண்மைக் கழகத்தில் 1984இல் நாள் சம்பளத் தொழிலாளியாகச் சேர்ந்து, 2021இல் மரப் பிரிவின் மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றேன். தங்கைக்கு அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. செந்தூலுக்குத் திரும்பி வந்து மூன்று நாளாகியும் மனம் அடங்கவில்லை. இதே கேள்வியைக் கேட்கிற வீடுகள் நம்மில் நிறைய இருக்கும் என்பதால் உங்கள் நாளிதழுக்கு எழுதுகிறேன்.

எங்கள் அப்பாவும் மரம் வெட்டினவர்தான். கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம். தோட்டத்து ஜனங்கள் "மரம் வெட்டப் போறேன்" என்று சொன்னால் மரத்தைச் சாய்க்கப் போகிறார்கள் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். விடியுமுன் நெற்றி விளக்கோடு போய், பட்டையை மெல்லியதாகச் சீவி, மங்கு வைத்துப் பால் எடுப்பார்கள். பள்ளி விடுமுறையில் நான் கூடப் போவேன். உளி பட்டையோடு நிற்க வேண்டும், கட்டையைத் தொட்டுவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாக வளரும், திரும்ப அந்தப் பக்கம் பட்டை திரும்பி வரும்போது ஒழுங்காக வெட்ட முடியாது என்று அப்பா காட்டிக் கொடுத்தார். மரத்தின் உயிர் பட்டைக்கு உள்பக்கம் இருக்கிற அந்த மெல்லிய படலத்தில்தான் ஓடுகிறது என்பதை நான் பத்து வயதில் தெரிந்துகொண்டேன். தங்கைக்கும் அது தெரியும். அவளும் மங்கு துடைத்தவள்.

நகரத்து மரமும் அதேதான். கிளை அடிமரத்தோடு சேருகிற இடத்தில் கழுத்துப்பட்டி மாதிரி ஒரு மடிப்பு இருக்கும். அறுக்கிறவன் அந்த மடிப்பை விட்டுவிட்டு அதற்கு வெளியே அறுக்க வேண்டும். பெரிய கிளை என்றால் முதலில் அடியிலிருந்து கொஞ்சம் அறுத்து, அப்புறம் சற்றுத் தள்ளி மேலிருந்து அறுத்துக் கிளையை இறக்கி, மிச்சக் கட்டையைக் கடைசியில் எடுக்க வேண்டும். ஒரே வெட்டில் முடிக்கப் பார்த்தால் கிளை தன் பாரத்தோடு அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு இறங்கும். நமக்குப் புண் ஆறுவது போல மரத்துக்குக் காயம் ஆறாது. கெட்ட இடத்தைச் சுற்றி உள்ளேயே ஒரு சுவர் எழுப்பி, அதை அடைத்துவிட்டு, வெளியே புதிதாக வளரும். அந்தச் சுவரைக் கட்ட முடியாத அளவுக்குப் பெரிய வெட்டாக இருந்தால் அழுகல் நடுமரத்துக்குள் இறங்கிவிடும்.

இதனால்தான் மரத்தை மொட்டையடிப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். விளம்பரப் பலகையை மறைக்கிறது, கூரையில் இலை விழுகிறது என்று புகார் வரும். குத்தகையாளர் லோரியில் வந்து செயின்சாவால் தலையை எடுத்துவிட்டுப் போவார். ஆறு மாதத்தில் கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். பார்க்கிறவர்கள் மரம் பிழைத்துக்கொண்டது என்று சந்தோஷப்படுவார்கள். அந்தப் புதுக் கிளைகள் பழைய மரத்தின் உள்கட்டையில் வேரூன்றி வந்தவை அல்ல, மேல்தோலை ஒட்டி நிற்பவை. சில வருடத்தில் அவை தடித்துக் கனக்கும்போது கீழே அழுகலும் வளர்ந்திருக்கும். ஒரு காற்று போதும்.

2024 மே 7ஆம் தேதி கோலாலம்பூர் சுல்தான் இஸ்மாயில் சாலையில் மழையும் காற்றும் அடித்தபோது பெரிய மரம் ஒன்று சாய்ந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஒருவர் உயிர் போனது. 17 வாகனங்கள் அகப்பட்டன. மோனோரயிலும் நின்றது. அந்த மரத்தைப் பற்றி எனக்கு நேரடியாக எதுவும் தெரியாது, அதனால் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லப் போவதில்லை. ஆனால் அதற்கு மறுநாள் எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன: "அண்ணே, எங்க வீட்டு முன்னால இருக்கற மரத்த எடுத்துடச் சொல்லுங்க." நல்ல மரம் எது, கெட்ட மரம் எது என்று சொல்ல ஆள் இல்லாத ஊரில், பயம் வந்தால் எல்லா மரமும் கெட்ட மரம்தான்.

சொல்ல ஆள் இருந்தாலும் எல்லாம் தப்பிக்கும் என்று நான் சொல்லவில்லை. 2017 பிப்ரவரியில் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் 270 வயதைக் கடந்த தெம்புசு மரம் விழுந்து இந்தியாவைச் சேர்ந்த ஒரு பெண் இறந்தார். அந்த மரத்தை 2016 செப்டம்பரில் பரிசோதித்திருந்தார்கள். இந்த வேலையில் இருக்கிறவன் அந்தச் சேதியை மறக்க முடியாது.

சரி, என் சொந்த அனுபவத்துக்கு வருகிறேன். எங்கள் பிரிவுக்கு ஒரு முறை இளம் பெண் அதிகாரி ஒருவர் வந்தார். வேளாண்மைப் பட்டதாரி. வந்த முதல் வாரமே காலை ஏழு மணிக்கு எங்களோடு லோரியில் ஏறினார். ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்து, சுற்றளவு, சாய்வு, வேர்ப்பகுதியில் காளான், கரையான், புல்லுருவி எல்லாம் ஒரு தடித்த பதிவேட்டில் எழுதினார். மரச் சுத்தியலால் அடிமரத்தைத் தட்டி, கெட்டியான இடத்தில் ஒரு சத்தம், உள்ளே பொந்து விழுந்த இடத்தில் 'தொம்' என்று ஒரு சத்தம், இரண்டையும் கண்ணை மூடிக் கேட்கச் சொல்லி எங்களுக்குப் பழக்கினார். அப்பா கற்றுக்கொடுத்ததற்குப் பிறகு மரத்தைப் பற்றி நான் புதிதாகக் கற்றுக்கொண்டது அவரிடம்தான்.

நாலு வருடத்தில் அவருக்குப் பதவி உயர்வு வந்தது. மரத்தை விட்டால்தான் உயர்வு. நிர்வாகப் பிரிவுக்குப் போனார். போகும்போது என்னிடம், ஒரு பள்ளிக்கூடத்துக்கு எதிரே நின்ற அங்சானா மரத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டாயம் பார்க்க வேண்டும், அடியில் காளான் தட்டு வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். பதிவேட்டிலும் சிவப்பு மையில் எழுதியிருந்தார். அடுத்து வந்தவருக்குப் பூச்செடியிலும் நீரூற்றிலும்தான் அக்கறை. பதிவேடு அலமாரிக்குள் போனது. நான் இரண்டு முறை கேட்டேன், மூன்றாம் முறை கேட்கவில்லை. மூன்றாவது வருடம் தீபாவளிக்கு முதல் நாள் மாலை அந்த மரம் பேருந்து நிறுத்தத்தின் மேல் விழுந்தது. பள்ளி விடுமுறை, நிறுத்தத்தில் யாரும் இல்லை. இரவு பதினொரு மணிவரை மழையில் நின்று அறுத்தோம். அடிமரம் உள்ளே பஞ்சாகக் கிடந்தது. மூன்றாம் முறை கேட்காமல் விட்டது இன்றும் என்னை அறுக்கிறது.

இன்னொரு சம்பவம். தண்ணீர்க் குழாய் போடுகிறவர்கள் வரிசையாக நின்ற தூங்குமூஞ்சி மரங்களின் ஒரு பக்கத்து வேர் முழுவதையும் இயந்திரத்தால் வெட்டிக்கொண்டே போனார்கள். மரத்தின் வேர் ஆணி மாதிரி நேரே கீழே இறங்குவதில்லை, பெரும்பகுதி மேல்மண்ணில் இரண்டு மூன்று அடிக்குள் அகலமாகப் பரவும். அந்தப் பக்கத்தை வெட்டினால் மரத்துக்குப் பிடிமானமே போய்விடும். இலை மட்டும் இரண்டு மூன்று வருடம் பச்சையாகவே இருக்கும், யாருக்கும் தெரியாது. நான் ஓடிப்போய்க் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னேன். "அங்கிள், எங்ககிட்ட பெர்மிட் இருக்கு" என்றான் அந்தப் பையன். அவன் மேல் தப்பில்லை. அவன் கையில் பொறியாளர் கையெழுத்துப் போட்ட தாள் இருந்தது. என் சட்டையில் மேற்பார்வையாளர் என்ற வில்லைதான் இருந்தது. மரத்தின் சார்பில் பேசுகிறவனுக்கும் அந்தப் பொறியாளருக்குச் சமமான பதவி இருந்திருந்தால் அன்றைக்கு வேலை நின்றிருக்கும்.

1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தில் 35எச் என்று ஒரு பிரிவு இருக்கிறது. 0.8 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை உள்ளாட்சி மன்றத்தின் எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்கிறது அது. தீபகற்ப மாநிலங்களில் நடப்பில் உள்ள சட்டம். நல்ல சட்டம்தான். அனுமதி கேட்டு வருகிற தாளைப் படித்து, மரத்தடிக்குப் போய், வேண்டும் வேண்டாம் என்று சொல்லுகிற அறிவு யாருக்கு என்பதுதான் என் கேள்வி. நான் இருந்த இடத்தில் மரத்துக்கென்று தனியாக ஒரு நிரந்தர அதிகாரி பதவி கடைசிவரை இருந்ததில்லை. நிலவனப்பு வரைபடம் போடத் தெரிந்தவர் இருப்பார், பூங்கா பார்க்கிறவர் இருப்பார், கீழே எங்களைப் போன்ற ஆட்கள் இருப்போம். நடுவில் மரம் மட்டும் யாருக்கும் சொந்தமில்லாமல் நிற்கும்.

பன்னாட்டு மரப் பராமரிப்புக் கழகத்தின் சான்றிதழ்த் தேர்வை நான் ஐம்பது வயதுக்கு மேல் எழுதினேன். 200 கேள்விகள். மகள் இரவில் ஆங்கிலப் புத்தகத்தைப் படித்துப் பொருள் சொல்லுவாள். இரண்டாவது முறை தேறினேன். அதைப் புதுப்பிக்க மூன்று வருடத்துக்குள் பயிற்சிகளில் கலந்துகொண்டு 30 புள்ளி சேர்க்க வேண்டும். பயிற்சிக் கட்டணம் என் கைக்காசு, விடுமுறையும் என் விடுமுறை. சான்றிதழால் என் சம்பளத்தில் ஒரு வெள்ளிகூட ஏறவில்லை. ஒரு முறை புதுப்பித்தேன், அப்புறம் மகள் கல்லூரிக் கட்டணம் வந்தது, விட்டுவிட்டேன்.

பொதுச் சேவையில் மருத்துவர்களுக்கு நிபுணர் என்று ஒரு பாதை வைத்திருக்கிறோம். இதய மருத்துவர் உயர்வு பெறுவதற்காக இதயத்தை விட்டுவிட்டுக் கோப்பு பார்க்க வேண்டியதில்லை. மரம் பார்க்கிறவருக்கும் அப்படி ஒரு பாதை வேண்டும் என்பதுதான் ஊராட்சித் துறை அமைச்சுக்கும் பொதுச் சேவைத் துறைக்கும் நான் வைக்கும் கோரிக்கை. ஒரு மரம் நட்டு நிமிர்ந்து நிழல் தர இருபது வருடம் ஆகிறது. அதைப் பார்த்துக்கொள்கிறவர் நாலு வருடத்தில் மாறிப்போனால் எப்படி? மரத்தோடேயே இருந்து, சம்பளமும் பதவியும் ஏறி, அறுபது வயதில் பதிவேட்டை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். மனம் வைத்தால் முடியாததா? கோலாலம்பூர் கோபுரம் கட்டும்போது நூறு வயது தாண்டிய ஒரு ஜெலுத்தோங் மரத்தைக் காப்பாற்ற 430,000 வெள்ளி செலவழித்துத் தடுப்புச் சுவர் எழுப்பிய நாடு இது. அந்த மரத்தை இன்றும் போய்ப் பார்க்கலாம்.

நம் கோயில் கமிட்டிகளுக்கும் ஒரு வார்த்தை. அரச மரத்தைச் சுற்றி அடிவரை சிமெண்டும் மார்பிளும் போட்டு மூடாதீர்கள். நாலடியாவது மண்ணாக விடுங்கள். வேருக்குக் காற்று வேண்டும். நான் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள், எழுதினால் யாராவது படிப்பார்கள்.

பெற்றோருக்கு: 2024 டிசம்பரில் வந்த புதிய சம்பள முறையில் பட்டதாரி வேளாண் அதிகாரிக்கு ஜி9 என்ற சம்பளத் தரம், டிப்ளோமா முடித்த உதவி அதிகாரிக்கு ஜி5. பழைய கணக்கில் ஜி41, ஜி29. நிரந்தர வேலை கிடைத்தால் மற்ற அரசாங்க வேலைக்கு உள்ள சலுகை இதற்கும் உண்டு. மெல்லிய ஊசியைக் கட்டைக்குள் செலுத்தி எங்கே கெட்டி, எங்கே பொந்து என்று கோடு போட்டுக் காட்டுகிற கருவி இருக்கிறது. மரத்தைச் சுற்றி உணரிகளைக் கட்டித் தட்டினால் உள்ளே இருப்பதைப் படமாகக் காட்டுகிற கருவியும் இருக்கிறது. என் காலத்தில் கயிறும் பாராங் கத்தியும்தான். படித்த பிள்ளைகளுக்கு இதில் வேலை இருக்கிறது, நம் பிள்ளைகளை அதில் அதிகம் காணோம்.

என் மருமகனுக்கு அடுத்த மாதம் நேர்முகத் தேர்வு. அதற்குள் ஒரு சனிக்கிழமை காலை அவனைக் கெப்போங் வன ஆய்வுக் கழகத்துக்கு அழைத்துப் போகிறேன். நூறு வருடம் முன்பு ஈயச் சுரங்கமும் காய்கறித் தோட்டமுமாகக் கிடந்த அந்த மண்ணில் மனிதன் நட்டு வளர்த்த காடு, 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே கற்பூர மரங்கள் ஒன்றை ஒன்று தொடாமல் இடைவெளி விட்டு உச்சியில் விரிந்து நிற்கும், அந்தக் காலத்தில் பச்சைக் கற்பூரம் எடுத்த அதே மரம். தங்கையையும் வரச் சொல்லியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. வேறு பெற்றோர் யாராவது பிள்ளைகளோடு வர விரும்பினால் உங்கள் அலுவலகத்துக்கு எழுதட்டும், நீங்கள் எனக்குத் தெரிவியுங்கள். காலை எட்டரைக்கு நுழைவாசலில் சுத்தியலோடு நிற்பேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மரப் பிரிவு மேற்பார்வையாளர்,
செந்தூல், கோலாலம்பூர்