ஒபி எங்கே? மூன்று கிலோ சாமானுக்குப் பதினொன்றரை கிலோ கட்டணம் ஏன்?

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவை, லண்டன் கிளை

ஐயா / அம்மா,

வணக்கம். இதே விஷயத்தை ஆங்கிலத்தில் ஏழு மின்னஞ்சல்களில் எழுதியாகிவிட்டது. ஏழுக்கும் ஒரே பதில்தான் வந்தது, அதே எழுத்துப்பிழையோடு. தமிழிலும் சேவை உண்டு என்று நீங்களே போட்டிருப்பதால் எட்டாவதைத் தமிழில் எழுதுகிறேன்.

ஜப்பானில் வாங்கி, கிடங்கில் சேர்த்துவைத்து, பிரிட்டனுக்கு அனுப்பித் தருவது உங்கள் தொழில். என் கொள்முதல் ஆணையில் இருந்தவை: மூன்று பழைய எல்.பி. இசைத்தட்டுகள், ஒரு கச்சேரி ப்ளூ-ரேயின் முதல் வரையறுக்கப்பட்ட பதிப்பு, ஓரிரு பாடல் மட்டும் உள்ள ஒரு சிங்கிள் சி.டி., ப்ளூ-ரேயோடு கடை இலவசமாகக் கொடுத்த பி2 அளவுப் பெரிய போஸ்டர் ஒன்று, குழாயில் சுருட்டியபடி.

முதலில் ஒபி. அது என்னவென்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியிருக்காது என்றுதான் இருந்தேன். ஜப்பானிய உடையான கிமோனோவின் இடுப்புப் பட்டைக்கு அந்தப் பெயர், அதையே இசைத்தட்டு உறையைச் சுற்றும் காகிதப் பட்டைக்கும் வைத்துவிட்டார்கள். எல்.பி. உறையின் இடப்பக்கம், மேலிருந்து கீழ்வரை, ஐந்தாறு சென்டிமீட்டர் அகலத்தில் முன்னும் பின்னும் சுற்றிவரும் காகிதம். பெயர், பட்டியல் எண், அன்றைய விலை எல்லாம் அதில்தான் ஜப்பானிய மொழியில் அச்சாகியிருக்கும். பசை போட்டு ஒட்டியிருக்காது, சும்மா சொருகியிருக்கும். அதனால்தான் நாற்பது வருடத்தில் பெரும்பாலானவை கிழிந்தும் தொலைந்தும் போயின. விற்பனைக் குறிப்பில் ‘ஒபிட்ஸுகி’, அதாவது ஒபியோடு, என்று இருந்தால் விலை ஏறுவதும் அதனால்தான். நான் 24,000 யென் கொடுத்தது அந்த ஒரு சொல்லுக்காக. ஜப்பானியப் பாடகர் தட்சுரோ யமஷிதாவின் ‘ஃபார் யூ’, 1982 பதிப்பு, எய்ஜின் சுசுகி வரைந்த உறை, ஒபியோடு.

உங்கள் கிடங்குக்குத் தட்டு வந்த அன்று எடுத்த படத்தில் ஒபி இருக்கிறது. பெட்டி கட்டிய அன்று எடுத்த படத்தில் இல்லை. இரண்டும் நீங்கள் எடுத்த படங்கள். கேட்டதற்குக் கிடங்கு சொன்ன பதில்: ‘சேதமடைந்த வெளிக்காகிதம் அகற்றப்பட்டது.’ எடை குறைக்க வெளிப்பொதியை அகற்றும் தேர்வை நான் தொடவே இல்லை. தொட்டிருந்தாலும், சில கிராம் காகிதத்தை எடுத்தா எடை குறைக்கிறீர்கள்?

இதைச் சொல்லத் தொலைபேசியில் அழைத்தபோது உங்கள் பணியாளர் கேட்ட கேள்வியை அப்படியே தருகிறேன்: “ஒரு பேப்பர்த் துண்டுக்கோ இவ்வளவு சத்தம் போடுறியள்?” நான் சத்தம் போடவில்லை. பட்டியல் எண்ணைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். அதன்பின் அவர் ஒரு யோசனையும் சொன்னார்: 2023இல் மறுபதிப்பு வந்திருக்கிறதாம், அதில் புது ஒபி இருக்கிறதாம், அதை வாங்கிப் போட்டுக்கொள்ளலாமாம். தாத்தாவின் கல்யாணப் படம் தொலைந்துவிட்டது என்றால், புதிதாக ஒரு ஜோடியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள் என்பது மாதிரி.

இனி எடை. தயவுசெய்து கணக்கைப் பாருங்கள். தனியார் கூரியரில் நீளம் × அகலம் × உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பார்கள். அந்தக் கொள்ளளவு எடை உண்மையான எடையைவிடக் கூடுதலாக இருந்தால் கட்டணம் அதற்குத்தான். எல்.பி.க்களையும் மற்றவற்றையும் 36 × 36 × 14 பெட்டியில் வைத்தால் 3.63, அரைக் கிலோவுக்கு உயர்த்தினால் 4 கிலோ. பி2 போஸ்டரைக் குறுகிய பக்கம் நீளமாக வரும்படி சுருட்டினால் 55 × 7 × 7 குழாய் போதும், அது ஒரு கிலோவுக்குள். ஆக ஐந்து கிலோவில் முடிந்திருக்க வேண்டியது. நீங்கள் குழாயையும் எல்.பி.க்களையும் 57 × 36 × 28 பெட்டி ஒன்றில் போட்டு, மிச்ச இடத்தைக் காற்றுப்பையால் நிரப்பினீர்கள். 11.49 வந்தது. 11.5 கிலோவுக்குப் பணம் எடுத்தீர்கள். உண்மையான எடை 2.9 கிலோ. ஜப்பான் தபாலின் விரைவு அஞ்சலான ஈ.எம்.எஸ். உண்மையான எடையை மட்டும்தான் பார்க்கும். அதை நான் கேட்டிருந்தேன், குறிப்பில் இன்னமும் இருக்கிறது. ஜப்பானிலிருந்து இங்கிலாந்து வரை காற்று அனுப்ப நான் காசு கட்டியிருக்கிறேன்.

இது இதோடு நிற்கவில்லை. பிரிட்டனில் இறக்குமதிக்கு வாட் வரி 20 சதவீதம், பொருளின் விலைக்கு மட்டுமல்ல, அனுப்புகைக் கட்டணத்தையும் சேர்த்துத்தான் போடுவார்கள். உங்கள் காற்றுக்கும் நான் வரி கட்டினேன். அதுவும் போகட்டும். சுங்கப் படிவத்தில் எல்லாவற்றையும் ஒரே வரியில் ‘பொம்மைகள்’ என்று எழுதியது யார்? இசைத்தட்டு, சி.டி., ப்ளூ-ரே, போஸ்டர். இதில் பொம்மை எது?

எல்.பி. கட்டும் முறையும் உங்களுக்குத் தெரிந்தே இருக்க வேண்டும். தட்டை உள்ளுறையோடு வெளியே எடுத்து, அட்டை உறைக்குப் பின்னால் வைத்து, இரண்டையும் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட வேண்டும். தட்டை அட்டை உறைக்குள்ளேயே விட்டால், பெட்டி ஒருமுறை விளிம்பில் விழுந்தாலும் போதும், தட்டின் கனமே கத்தியாகி உறையின் ஓரத்தைப் பிளந்துவிடும். பிளந்துவிட்டது. இரண்டு உறைகள், மேல்விளிம்பில் ஆறு சென்டிமீட்டர். படம் இணைத்திருக்கிறேன். காற்றுப்பை அத்தனை இருந்தும் தட்டுக்கு அடியில் ஒன்றுகூட இல்லை.

ப்ளூ-ரே. ஆணைப் பக்கத்தில் ‘பிரிட்டனில் ஓடும்’ என்று போட்டிருந்தீர்கள். ஓடாது. எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்பதற்குத் தட்டில் பகுதிக் குறி ஒன்று உண்டு. டி.வி.டி.யில் ஜப்பானும் பிரிட்டனும் ஒரே பகுதி, எண் 2. ப்ளூ-ரேயில் ஜப்பான் ஏ, வட அமெரிக்காவும் ஏ, பிரிட்டன் பி. இரண்டையும் குழப்பிக்கொண்டவர் யாரோ, அவர் போட்ட வரியை நம்பிக் காசு கொடுத்தவன் நான். 4கே அல்ட்ரா எச்.டி. தட்டாக இருந்தாலும் பரவாயில்லை, அதில் பகுதிப் பூட்டே கிடையாது. இது சாதாரண ப்ளூ-ரே. “உங்கட பிளேயர் பழசு போல” என்றார் உங்கள் பணியாளர். ஆம், அதே பேப்பர்த் துண்டுப் பணியாளர்தான்.

சிங்கிள் சி.டி. வாங்கியதே அதன் உள்ளே இருக்கும் சீட்டுக்காக. முதல் அச்சில் மட்டும் வரும் சீட்டு, கச்சேரி நுழைவுச்சீட்டுக் குலுக்கலுக்கான வரிசை எண். ஜப்பானில் சி.டி. வழக்கமாகப் புதன்கிழமை வெளியாகும், கடைக்குச் செவ்வாயே வந்துவிடும். குலுக்கலுக்குச் சில நாள் அவகாசம்தான். அதனால்தான் ‘வந்தவுடன் திறந்து சீட்டைப் படம் எடுத்து அனுப்பவும்’ என்ற சேவைக்குத் தனியாக 500 யென் கட்டினேன். சி.டி. உங்கள் கிடங்குக்குச் செவ்வாய்க்கிழமை வந்தது. படம் வந்தது பத்தொன்பது நாள் கழித்து. படம் மட்டும் அருமை, எண் பளிச்சென்று தெரிகிறது. குலுக்கல் முடிந்து, டிக்கெட் கிடைத்தவர்கள் ஹோட்டல் அறை பதிவு செய்துகொண்டிருந்தார்கள்.

கடைசியாக, பெட்டியை நேரில் கொண்டுவந்து காட்டுங்கள் என்றீர்கள். 57 சென்டிமீட்டர் பெட்டியைச் சனிக்கிழமை பாதாள ரயிலில் தூக்கிக்கொண்டு வந்தேன். கதவில் ‘முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும்’ என்று ஒரு தாள். அந்தத் தாளை மட்டும் யாரும் குப்பையில் போடவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பதினொன்றரைக்கும் ஐந்துக்கும் இடையிலான ஆறரைக் கிலோ கட்டணம், அதற்கு நான் கட்டிய வாட், சீட்டுப் படத்துக்கான 500 யென், ப்ளூ-ரேயின் முழு விலை, கிழிந்த இரண்டு உறைகளுக்கான ஈடு, ஒபி இல்லாத ‘ஃபார் யூ’வுக்கும் ஒபியோடு உள்ளதற்கும் உள்ள வித்தியாசம். அன்போடுதான் கேட்கிறேன். 14 நாள் தருகிறேன்.

அதற்குள் பதில் வராவிட்டால், கடன் அட்டையில் 100 பவுண்டுக்கு மேல் வாங்கிய பொருள் என்பதால் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின் கீழ் அந்தப் பணத்தை வங்கியிடம் கேட்பேன். தகுந்த கவனத்தோடும் திறமையோடும் சேவை செய்ய வேண்டும் என்பது 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம். சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போகவும் தயங்கமாட்டேன், இங்கே 10,000 பவுண்டு வரை அங்கே கேட்கலாம். நீதிபதிக்கு ஒபி என்றால் என்னவென்று விளக்க எனக்குச் சலிப்பில்லை. உங்கள் பணியாளருக்கே விளக்கியவன்.

ஒருவேளை அந்த ஒபி குப்பைக்குப் போகாமல் கிடங்கில் எங்காவது மேசைக்கு அடியில் கிடந்தால், தயவுசெய்து மடிக்காதீர்கள். ஒட்டுநாடாவும் வேண்டாம். இரண்டு தட்டையான அட்டைகளுக்கு நடுவே வைத்து, சாதாரணக் கடித உறையில் அனுப்பினால் போதும். பெட்டி வேண்டாம்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்
(இணைப்பு: கிடங்குப் படங்கள் 2, கிழிந்த உறைகளின் படங்கள் 4, கட்டண ரசீது, சுங்கப் படிவத்தின் நகல்)