பசியில்லாத நாளிலும் பந்திக்கு வா

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். சென்ற வாரம் தொலைபேசியில் நீ சொன்னதற்கு உடனே பதில் சொன்னால் அது வாதமாகிவிடும் என்று அஞ்சி அன்று பேசாமல் இருந்துவிட்டேன். "பூசைக்குப் போனாலும் மனத்துக்குள் ஒன்றும் நடப்பதில்லை, ஆண்டவரின் உடலாக நற்கருணை அப்பத்தை உண்டு நன்மை வாங்கவும் எனக்குத் தகுதியில்லை என்று தோன்றுகிறது, அதனால் கொஞ்ச நாளாக அறையிலிருந்தே ஜெபித்துக்கொள்கிறேன் அம்மா" என்றாய். இதைச் சொல்ல நீ வெட்கப்பட்டாய். வெட்கப்பட ஒன்றுமில்லை. அயர்லாந்து மருத்துவமனையில் செவிலியாக இரவுப் பணி முடித்துக் குளிரில் நடந்து அறைக்கு வந்தவளின் களைப்பு உன் குரலில் இருந்தது. விசுவாசம் போய்விட்டவளின் குரலாக அது எனக்குக் கேட்கவில்லை.

அன்று இரவு அரசர்கள் முதல் நூலின் பத்தொன்பதாம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். எலியா இறைவாக்கினர் பாலைநிலத்தில் ஒரு சூரைச்செடியின் அடியில் உட்கார்ந்து, "ஆண்டவரே, நான் வாழ்ந்தது போதும்" என்று சொல்லிப் படுத்துவிடுகிறார். வானதூதர் வந்து அவரைத் தட்டி எழுப்புகிறார். உன் விசுவாசம் எங்கே போயிற்று என்று கேட்கவில்லை, கண்டிக்கவில்லை, சாப்பிடச் சொல்கிறார். தணலில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் தலைமாட்டில் இருக்கின்றன. எலியா என்ன செய்தார் தெரியுமா? உண்டு குடித்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். முதல் முறை உண்டதும் அவருக்குள் எந்த மாற்றமும் தெரியவில்லை. தூதர் சலிக்காமல் இரண்டாம் முறையும் தட்டி எழுப்பி, "எழுந்து சாப்பிடு, நீ செய்யவேண்டிய பயணம் நெடுந்தொலை" என்கிறார். அந்த உணவின் வலிமையால் அவர் நாற்பது பகலும் நாற்பது இரவும் நடந்து ஓரேபு மலையை அடைந்தார். நற்கருணையின் முன்னடையாளமாகத் திருச்சபை நெடுங்காலமாகப் போற்றிவரும் இந்தப் பகுதியில், உண்டவர் உடனே தூங்கிப்போனார் என்பதை வேதாகமம் மறைக்காமல் எழுதி வைத்திருப்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருக்கிறது.

நீ பள்ளியில் படித்தபோது டைபாய்டு காய்ச்சலில் கிடந்தாய். கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாய். வாயில் வைத்தால் மண்ணைப் போல் இருக்கிறது என்பாய். ருசி தெரியாமல் நீ விழுங்கிய அந்தக் கஞ்சிதான் உன்னை எழுப்பி உட்கார வைத்தது. யோவான் நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் ஆண்டவர் தம்மை "வாழ்வு தரும் உணவு" என்று அழைக்கும்போது, மனத்தைச் சிலிர்க்கவைக்கும் அனுபவம் ஒன்றை அவர் வாக்களிக்கவில்லை; தம்மை உண்போர் தம்மால் வாழ்வர் என்றே சொல்கிறார். சாதாரண உணவு உண்பவரின் உடலாக மாறுகிறது என்றும், இந்த உணவோ உண்பவரைத் தன்னைப் போல் மாற்றிக்கொள்கிறது என்றும் புனித அகுஸ்தினார் எழுதியிருக்கிறார். அப்படி ஒரு மாற்றம் ஓசையின்றி, நமக்கே தெரியாமல், ஆண்டுக்கணக்கில் நடக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. உன் வார்டில் பிடிவாதமான முதியவர்களிடம் நீ காட்டும் பொறுமையை நீ உன் இயல்பு என்று நினைக்கிறாய். உன் சிறுவயதுக் கோபத்தை அறிந்த நான் அப்படி நினைக்கவில்லை.

இனி தகுதியைப் பற்றி எழுதவேண்டும். இந்த எண்ணம் உனக்கு மட்டும் வந்ததன்று. தகுதியில்லை என்று அஞ்சி மக்கள் நற்கருணையை விட்டு விலகியே நின்ற காலம் திருச்சபையில் மிக நீண்டிருந்தது. அதனால்தான் 1215-இல் திருச்சபையின் பேரவையான நான்காம் இலாத்தரன் சங்கம், ஆண்டுக்கு ஒருமுறையாவது உயிர்ப்புப் பெருவிழாவை ஒட்டிய பாஸ்கா காலத்தில் நன்மை வாங்கவேண்டும் என்று கட்டளையிட நேர்ந்தது. பின்னர் பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் பரவிய, மிகுந்த தகுதியோடுதான் நன்மை வாங்கவேண்டும் என்ற கண்டிப்பான ஜான்சனியக் கொள்கை இந்த அச்சத்தை இன்னும் கடுமையாக்கியது. திருத்தந்தை பத்தாம் பயஸ்தான் 1905-இல், நல்ல நோக்கத்தோடும் சாவான பாவம் என்னும் பெரும் பாவம் இல்லாத நிலையிலும் வருகிறவர்களை அடிக்கடி, நாள்தோறும்கூட, நன்மை வாங்கும்படி அழைத்தார். 1910-இல் ஏறக்குறைய ஏழு வயதுக் குழந்தைகளுக்கும் கதவைத் திறந்துவிட்டார். மூன்றாம் வகுப்பில் வெள்ளைக் கவுனும் பூமுடியுமாக நீ முதல் முறையாக நன்மை வாங்கியது, அதாவது உன் புதுநன்மை, அந்த ஆணையின் பயன். திருத்தந்தை பிரான்சிஸும் 2013-இல் வெளியிட்ட திருத்தூது ஊக்கவுரையில், நற்கருணை நிறைவடைந்தவர்களுக்கான பரிசு அன்று, வலுவற்றவர்களுக்கான மருந்தும் உணவும் ஆகும் என்ற பொருளில் எழுதினார்.

பூசையிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. "ஆண்டவரே, நீர் என் இல்லத்தில் எழுந்தருளி வர நான் தகுதியற்றவன்" என்று ஆயரும் சொல்கிறார், பங்குச் சாமியும் சொல்கிறார், கடைசி வரிசையில் கைக்குழந்தையோடு நிற்கிறவளும் சொல்கிறாள். தகுதியுள்ளவர்கள் மட்டும் முன்னால் வாருங்கள் என்று அதற்குப் பிறகு யாரும் அறிவிப்பதில்லை. அதைச் சொல்லிவிட்டு எல்லாரும் நடக்கிறார்கள். மனத்தை உறுத்தும் பெரிய பாவம் ஏதேனும் இருந்தால் முதலில் குருவிடம் பாவத்தை அறிக்கையிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும் என்பதை நான் மறைக்கவில்லை. அதையும் தள்ளிப்போடாதே. பதினைந்து நிமிட வேலைக்காக மாதக்கணக்கில் பட்டினி கிடப்பது சரியா என்று நீயே யோசித்துப் பார்.

நம் கிழக்குத் தெருப் பாட்டியை உனக்கு நினைவிருக்கும். இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து அவர் கட்டிலோடு இருக்கிறார். ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் நற்கருணைப் பணியாளராக நான் அவருக்கு நன்மை கொண்டுபோகிறேன். (குருக்கள் அல்லாத பொதுநிலையினருக்கு இந்தப் பணி 1973-இல்தான் திருச்சபை எங்கும் அனுமதிக்கப்பட்டது, கோவில் திண்ணையைப் பெருக்கி வளர்ந்த எனக்கு அது கிடைத்ததை எண்ணி இன்றும் நடுங்குகிறேன்.) நற்கருணை வைத்த சிமிழை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவில் நடக்கும்போது எதிரில் வருகிறவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டு ஒதுங்கி நிற்பார்கள். பாட்டியின் மருமகள் ஒரு முக்காலியில் வெள்ளைத் துணி விரித்து, பாடுபட்ட சுரூபமும் மெழுகுதிரியும் ஒரு தம்ளர் தண்ணீரும் ஒரு தேக்கரண்டியும் வைத்திருப்பாள். பாட்டி நள்ளிரவிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் காத்திருப்பார். அவர் புதுநன்மை வாங்கிய காலத்துச் சட்டம் அது. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957-இல் அதை மூன்று மணி நேரமாகக் குறைத்தார். ஆறாம் பவுல் 1964-இல் ஒரு மணி நேரமாக்கினார். நோயாளிகளுக்கும் முதியோருக்கும் அந்த ஒரு மணி நேரமும் இப்போது கட்டாயமில்லை. மாத்திரை போடவேண்டுமே, காப்பியாவது குடியுங்கள் என்று நான் பலமுறை கெஞ்சிப் பார்த்துவிட்டேன். "சாமி வாற வயித்துல வேற என்னத்தப் போடச் சொல்லுற?" என்று கேட்டுவிடுவார். விழுங்குவது அவருக்குச் சிரமம். அப்பத்தில் சுண்டுவிரல் நகத்தளவு துணுக்கை நாவில் வைத்து, ஒரு கரண்டி தண்ணீர் கொடுத்து, அது இறங்கும்வரை அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தத் துணுக்கிலும் ஆண்டவர் குறைவின்றி முழுமையாக இருக்கிறார் என்று மறைக்கல்வியில் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தை அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் முழுதாக விளங்கிக்கொண்டேன்.

அறையிலிருந்தே ஜெபிப்பது போதாதா என்று கேட்டாய். தனிச்செபம் தேவை; அது இல்லாமல் பூசையும் வறண்டுபோகும். ஆனால் 2020-இல் கோவில்கள் அடைபட்டிருந்தபோது நாங்கள் தொலைக்காட்சியில் பூசை கண்டோமே, அப்போது எங்களுக்கு என்ன குறைந்தது என்று எண்ணிப் பார்க்கிறேன். வாசகம் கேட்டோம், மறையுரை கேட்டோம், அப்பமில்லாமல் மனத்தால் மட்டும், ஆன்மீக முறையில் நன்மை வாங்கும் செபத்தையும் கண்ணீரோடு சொன்னோம். எல்லாம் நல்லவைதான், ஆனாலும் வாயில் ஒன்றும் விழவில்லை. "வாங்கி உண்ணுங்கள்" என்ற கட்டளையைப் பார்த்துக்கொண்டே இருந்து நிறைவேற்ற முடியாது.

இந்த ஓர் உணவுக்காக மனிதர்கள் எவ்வளவு ஆபத்தை ஏற்றார்கள் என்பதை நீ இருக்கும் அயர்லாந்தே சொல்லும். கத்தோலிக்கரை ஒடுக்கிய தண்டனைச் சட்டங்களின் காலத்தில் அந்த மக்கள் மலைச்சரிவுகளிலும் காடுகளிலும் பாறையைப் பீடமாக்கிப் பூசை கண்டார்கள். அந்தப் பாறைகள் இன்றும் அங்கங்கே காக்கப்பட்டிருக்கின்றன, விடுமுறையில் ஒன்றையாவது போய்ப் பார். நம் கடலுக்கு அக்கரையிலும் அதே கதைதான். டச்சுக்காரர்கள் குருக்களை விரட்டிவிட்ட இலங்கையில், கோவாவிலிருந்து 1687-இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த புனித யோசேப் வாஸ், பிச்சைக்காரரைப் போல் வேடமிட்டு வீடு வீடாக அலைந்து, விசுவாசிகளைக் கண்டுபிடித்து, இரவில் அவர்களுக்குப் பூசை வைத்தார். அங்கே பல ஆண்டுகளாக நன்மை காணாத குடும்பங்கள் செபமாலையையும் மன்றாட்டுகளையும் விடாமல்தான் இருந்தன. செபம் இருந்தும், குருவைக் கண்டதும் அவர்கள் பூசையைத்தான் கேட்டார்கள்.

நீ சொன்ன இன்னொன்றும் என்னைத் தைத்தது. அந்தக் கோவிலில் யாரையும் எனக்குத் தெரியாது, அரைவாசி இருக்கைகள் காலி, அமைதிக் கைகுலுக்கலோடு சரி என்றாய். தெரிந்தவர்களோடு மட்டும் உண்பதற்கு வீட்டுச் சாப்பாடு போதும் மகளே. கொரிந்து நகரில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு உண்டு முடிக்க, இல்லாதவர்கள் பசியோடு நின்றதைக் கண்டுதான் பவுல் அவ்வளவு கடுமையாக எழுதினார். நாம் பலராயினும் ஒரே அப்பத்தில் பங்குகொள்வதால் ஒரே உடலாய் இருக்கிறோம் என்றும் எழுதினார். நம் மண்ணில் அந்த வார்த்தையை நாம் காலால் மிதித்ததுண்டு. நம் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுப்பிய கோவிலை, ஒரு பீடத்துக்கு முன்னால் சாதிக்கு ஒன்றாக இரண்டு கூடங்கள் கைகளைப் போல் பிரிந்து செல்லும்படி கட்டினார்கள். பீடத்தைக் கண்டவர்கள் ஒருவரை ஒருவர் காணவில்லை. குருவானவர் 1910-இல் அந்தப் பிரிவினைச் சுவரை இடித்தபோது, அதற்காக உயர் நீதிமன்றம்வரை வழக்காடினார்கள். சுவர் போய்விட்டது, கல்லறைத் தோட்டத்தில் சாதி பார்க்கும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. ஒரே அப்பத்தை உண்டுவிட்டு வெளியே வந்து அப்படி நடப்பதைப் போன்ற அவமரியாதையை நற்கருணைக்கு வேறு எவரும் செய்துவிட முடியாது என்றே நான் கருதுகிறேன். உனக்குப் பக்கத்தில் ஓர் ஐரிஷ் முதியவரும், முன்னால் ஒரு பிலிப்பைன்ஸ் செவிலியும், பின்னால் ஒரு மலையாளக் குடும்பமும் நிற்க, ஒருவர் பேரும் உனக்குத் தெரியாமலே நீ கையேந்தி நடக்கும் அந்த வரிசை, எங்கள் ஊரில் நாங்கள் வரலாமா கூடாதா என்று நூறு ஆண்டுகள் சண்டையிட்ட வரிசை. அதை அந்நியர் கூட்டம் என்று தள்ளிவிடாதே.

ஆகவே உன்னிடம் பெரிதாக எதையும் கேட்கவில்லை. ஞாயிறு பணி இருந்தால் சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் போ. அதுவே ஞாயிறு கடனை நிறைவேற்றும். தூக்கம் வந்தால் உட்கார்ந்துகொள். மறையுரை நெஞ்சில் ஒட்டாவிட்டாலும் பரவாயில்லை. நன்மை வாங்கியபின் அழகான செபம் வரவில்லை என்றால், அன்று நீ பார்த்துக்கொண்ட நோயாளிகளின் முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு பேசாமல் முழங்காலில் இரு.

நோயாளிகளைப் பற்றி ஒன்று. சாகும் தறுவாயில் இருப்பவருக்குத் தரும் கடைசி நற்கருணையைத் திருச்சபை வழியுணவு என்கிறது. பயணம் புறப்படுகிறவருக்குக் கட்டிக்கொடுக்கும் சாப்பாடு அது. உன் வார்டில் கத்தோலிக்கர் ஒருவரின் நிலை மோசமாகிறது என்று மருத்துவருக்கு முன்பே உனக்குத் தெரிந்துவிடும். வீட்டார் பதற்றத்தில் மறந்துவிடுவார்கள், நோயாளி கேட்கக் கூச்சப்படுவார். நீ மெதுவாகக் கேட்டு, அவர் விரும்பினால், மருத்துவமனை ஆன்ம குருவுக்கு நேரத்தோடு சொல்லி அனுப்பு. நினைவு தப்பிய பிறகு அழைத்தால் எண்ணெய் பூசி மன்றாடும் நோயில்பூசுதல் கொடுக்கலாம், நன்மை கொடுக்க முடியாது. அப்பம் விழுங்க முடியாதவருக்குத் திராட்சை இரச வடிவிலான திரு இரத்தத்தை மட்டும் துளியளவு கொடுக்கவும் வழியுண்டு, அதையும் குருவிடம் முன்கூட்டியே சொல்லிவிடு.

அப்பா தனியாக எழுதுகிறார். உனக்காக மன்றாடும்படி திங்கட்கிழமை காலைப் பூசைக்குக் கருத்துக் கொடுத்திருக்கிறோம். அந்த நேரம் உனக்கு அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும், பணியில் இருந்தால் ஒரு நிமிடம் எங்களோடு சேர்ந்துகொள்.

அன்புடன்,
அம்மா