முத்திரை குத்திய கட்டையிலும் வண்டு இருக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்கால் துறைமுகத்தில் இறங்கும் சரக்கோடும், சென்னை, தூத்துக்குடியிலிருந்து லாரியில் வரும் சரக்கோடும் டெல்டாவுக்குள் மரப்பெட்டிகளும், சரக்கு அடுக்கும் மரத்தட்டுகளான பேலட்டுகளும் வருகின்றன. சரக்கை இறக்கியபின் அந்தக் கட்டைகள் பழைய மரக்கடைக்குப் போய், விறகாகவும் கடைப் பெஞ்சாகவும் ஊர் ஊராகப் பிரிந்துவிடும். மரம் துளைக்கும் அயல்நாட்டு வண்டுக்கு இதைவிட வசதியான பாதை வேண்டாம். அதனால் கண்காணிப்பு துறைமுக வாசலோடு நிற்கக் கூடாது, மரவாடி வரை வர வேண்டும்.

பூச்சி நீக்கச் சிகிச்சை செய்த பொதிமரம் என்று காட்ட அதில் குத்தும் கோதுமைக்கதிர் முத்திரை இருந்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அதில் 'ஹெச்.டி.' என்றிருந்தால் மரத்தின் மையம் வரை 56 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து 30 நிமிடம் சூடேற்றியிருக்க வேண்டும். 'எம்.பி.' என்பது மெத்தில் புரோமைடு புகையூட்டல், 20 செ.மீ.க்கு மேல் கனமான கட்டைக்கு அது அனுமதி இல்லை, நடுமரம் வரை புகை எட்டாது. முத்திரைக்குப் பிறகு உடைந்த பலகையை எடுத்துவிட்டுப் சிகிச்சை செய்யாத பலகை அடித்தால் அந்த முத்திரைக்கு மதிப்பே கிடையாது. கப்பலில் சரக்கு உருளாமல் முட்டுக் கொடுக்கும் கட்டைகள்தான் எங்களுக்குப் பெரும் கவலை. உதிரியாகக் கிடப்பதால் அவற்றை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை.

புரட்டும்போது முதலில் பட்டையைப் பாருங்கள். 3 செ.மீ.க்கு மேல் அகலமான பட்டைத் துண்டு 50 சதுர செ.மீ.க்கு மேல் ஒட்டியிருந்தால் அது விதிமீறல். அடுத்து துளை. மாவு போன்ற தூள் கொட்டினால் பெரும்பாலும் உலர்மரத்தைத் தின்னும் வண்டு. குண்டூசித் தலையளவு துளையும், உட்சுவரில் கறுப்புக் கறையும், பல்குச்சி போல வெளியே நீட்டிய தூளும் இருந்தால் பூஞ்சை வளர்க்கும் அம்ப்ரோசியா வண்டு. இவற்றில் பல இனங்களில் ஒரே ஒரு பெண் வண்டு தப்பினாலே புதுக் கூட்டம் உண்டாகிவிடும். விரல் நுழையும் வட்டத் துளையும் நார் நாரான தூளும் நீள்கொம்பு வண்டின் வேலை.

கண்ணுக்குத் தப்புவதைப் பொறி பிடிக்கும். கறுப்புப் புனல்களை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்த பொறி, வண்டுக்கு அடிமரம் போலத் தெரியும். வாடிய மரம் எத்தனால் வாசனை விடும் என்பதால் அதையே கவர்ச்சிப் பொருளாக வைக்கிறார்கள். பைன் பேலட் குவியும் இடமென்றால் பைன் மரத்தின் வாசனைப் பொருளான ஆல்ஃபா பைனீனும் சேர்க்க வேண்டும். அடிக்கோப்பை தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். நீள்கொம்பு வண்டுக்கு மரக்கிளை உயரத்தில் இன்னொரு பொறி தேவை. அதன் உட்புறம் வழுக்கும் பூச்சு இல்லையென்றால் விழுந்த வண்டு ஏறிப் போய்விடும். விழுந்த வண்டு கெடாமலிருக்கக் கோப்பையில் புரொப்பிலீன் கிளைக்கால் என்ற திரவத்தை ஊற்றலாம். எத்திலீன் கிளைக்கால் ஆடு மாடு நக்கினால் உயிருக்கே ஆபத்து.

நம் பகுதியில் பொறி கெடுவது பெரும்பாலும் பருவத்தால். ஐப்பசி, கார்த்திகை மழையில் கோப்பை நிரம்பி வழிந்து வண்டு மிதந்து போகும். மேலே மூடியும், பக்கவாட்டில் வலையடைத்த வடிதுளையும் கட்டாயம். சித்திரை வெயிலில் எத்தனால் சீக்கிரம் தீர்ந்துவிடும், அப்போது வாரம் ஒருமுறை பார்க்காத பொறி வெறும் பிளாஸ்டிக்.

1996இல் நியூயார்க்கில் ஆசிய நீள்கொம்பு வண்டும், 2002இல் மிச்சிகனில் ஆஷ் மரங்களைத் துளைக்கும் மரகத வண்டும் கண்டுபிடிக்கப்பட்டபோது, அவை குடியேறி ஆண்டுகள் பல ஆகியிருந்தன. மரம் துளைக்காவிட்டாலும், அயல்நாட்டுப் பூச்சிக்கு நம்மூர் உதாரணம் தென்னையின் சுருள் வெள்ளை ஈ. அது 2016இல் பொள்ளாச்சியில் தென்பட்டது. அதன்பின் அது எவ்வளவு வேகமாகப் பரவியது என்று டெல்டா விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

காரைக்கால், நாகப்பட்டினம் துறைமுகச் சுற்றிலும், தஞ்சாவூர், கும்பகோணம் மரவாடிகளிலும் வேளாண் துறை நிரந்தரப் பொறிகள் வைக்க வேண்டும். வாடிக்காரர்கள் சந்தேகக் கட்டையை வேறு இடத்துக்கு நகர்த்தாமல் பாலித்தீனால் இறுக மூடுங்கள். வண்டை 70 சதவீத ஆல்கஹாலில் போட்டு, தேதியும் இடமும் பென்சிலில் எழுதிய சீட்டைக் குப்பிக்குள்ளேயே வையுங்கள், பேனா மை கரைந்துவிடும். குப்பியைச் சிக்கல் வேளாண் அறிவியல் நிலையத்திலோ பக்கத்து வேளாண் அலுவலகத்திலோ அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பயிர்ப் பாதுகாப்புப் பணியிலிருந்து ஓய்வு பெற்றோர் சிலர்,
நாகப்பட்டினம்.