பங்கர் கண்ட பெற்றோரும் பயப்படும் பிள்ளையும்

ஆசிரியர் அவர்கட்கு,

பாடசாலைக்குப் புறப்படும் நேரத்தில் மட்டும் வயிறு நோகிறது என்று அழும் பிள்ளைகள் உங்கள் வாசகர்கள் பலருடைய வீடுகளில் இருக்கக்கூடும். இப்போது தரம் 4 இல் படிக்கும் என் மகள் சென்ற ஆண்டு இரண்டாம் தவணை முழுவதும் அப்படித்தான் அழுதாள். சனி, ஞாயிறில் அந்த நோ வராது. ஆஸ்பத்திரியில் இரத்தமும் சலமும் சோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்கள். அதை, பிள்ளை நடிக்கிறாள் என்று நாங்கள் விளங்கிக்கொண்டோம். அந்தப் பிழையைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நானும் என் கணவரும் வன்னியில் பிறந்து, போர் முடிந்த 2009 மே மாதம் வரை இங்கேயே இருந்தவர்கள். பாடசாலைச் சீருடையைக் கைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று நகர்ந்து, கடைசியில் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமின் கூடாரத்தில் விட்ட படிப்பைத் தொடர்ந்தவர்கள். ஆகவே, வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கப் பயமாக இருக்கிறது என்று மகள் ஒரு நாள் சொன்னபோது, "நாங்கள் ஷெல்லடிக்குள்ள பங்கருக்குள்ள இருந்து படிச்சனாங்கள், உனக்கு ரீச்சருக்கு முன்னால நிண்டு வாசிக்கப் பயமோ?" என்ற கேள்வியே என் வாயில் முதலில் வந்தது. இப்படிக் கேட்காத பெற்றோர் எங்கள் பகுதியில் குறைவு என்றே நினைக்கிறேன். பிள்ளையைச் சிறுமைப்படுத்த வேண்டும் என்று எவரும் கேட்பதில்லை. நாங்கள் தப்பிப் பிழைத்த கதை அவளுக்குத் தைரியம் தரும் என்று நம்பியே கேட்கிறோம். ஆனால், தன் பயம் வெட்கப்பட வேண்டிய ஒன்று, அதை அம்மாவிடம் சொல்லக்கூடாது என்பதே அவளுக்கு விளங்கியது. அன்றுக்குப் பிறகு அவள் பயம் என்ற சொல்லையே எடுக்கவில்லை. வயிற்றுநோ மட்டும் மிஞ்சியது.

அந்த நோ உண்மையான நோ என்பதை எங்களுக்கு விளக்கியவர் ஆஸ்பத்திரி உளநலப் பிரிவில் பணியாற்றும் ஒருவர். பயம் வந்ததும் உடல் ஓடுவதற்கோ எதிர்ப்பதற்கோ ஆயத்தமாகிறது. நெஞ்சு படபடக்கிறது, வயிறு இறுகுகிறது, கை குளிர்கிறது. வருவது ஷெல்லா, ரீச்சரின் கேள்வியா என்று பிள்ளையின் உடல் நிறுத்துப் பார்ப்பதில்லை. நாங்கள் கோயிலில் பார்வை பார்த்து நூல் கட்டியதை அவர் பரிகசிக்கவுமில்லை. அன்றிரவு பிள்ளை நிம்மதியாக நித்திரை கொண்டாள் என்பதும் உண்மையே.

ஏச்சு பலிக்காதபோது நாங்கள் மறுபுறம் சாய்ந்து, அழுத நாட்களில் அவளை வீட்டில் நிற்கவிட்டோம். ஒன்பது மணிக்கெல்லாம் நோ மாறிவிடும், சிரித்து விளையாடுவாள். அது இரக்கம் என்றே நினைத்தோம். ஆனால் வீட்டில் நின்ற ஒவ்வொரு நாளும், போகாமல் விட்டால்தான் பயம் தீரும் என்ற பாடத்தை அவள் மனம் படித்துக்கொண்டிருந்தது. மறுநாள் படலையைத் தாண்டுவது முன்னையதிலும் கடினமாயிற்று. பிறகு, அந்த உளநலப் பிரிவுப் பணியாளர் சொல்லித்தந்தபடி சிறு சிறு படிகளாகத் தொடங்கினோம். வகுப்பாசிரியை மனமுவந்து உதவினார். முதலில் இடைவேளையில் அவருக்கு மட்டும் ஒரு வரி, பின்னர் ஒரு தோழியையும் வைத்துக்கொண்டு ஒரு பந்தி, பின்னர் இருந்த இடத்திலிருந்தே வகுப்புக்கு வாசித்தல், கடைசியில்தான் எழுந்து நிற்பது. வீட்டில் நாங்கள் சொல்லப் பழகியது ஒன்றுதான்: "பயமா இருக்கும், அம்மாக்குத் தெரியும்; எண்டாலும் உன்னால ஏலும்." பாடசாலை விடும்போது வந்து நிற்பீர்களா என்று அவள் பத்துத் தடவை கேட்பாள். ஒரு தடவை பதில் சொல்லிவிட்டு, அடுத்த தடவை "நான் என்ன சொன்னனான்?" என்று அவளிடமே கேட்கப் பழகினேன். இது எழுதுவதற்கு எளிது. அழும் பிள்ளைக்கு முன்னால் செய்வது மிகக் கடினம்.

பெற்றோரின் பங்கு எவ்வளவு பெரியது என்பதற்கு ஆய்வும் உண்டு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் தலைமையிலான குழு, பதற்றக் கோளாறுள்ள 7 முதல் 14 வயது வரையான 124 பிள்ளைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவில் பிள்ளைகளுக்கு நேரடியாகச் சிகிச்சை அளித்தது. மற்றதில் பெற்றோருக்கு மட்டுமே பயிற்சி கொடுத்தது. பெற்றோர் பயிற்சி, நேரடிச் சிகிச்சைக்குக் குறையாத பலனைத் தந்தது.

எங்கள் மண்ணில் பிள்ளைகளின் பயத்துக்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. திருவிழாவில் வெடி கொளுத்தினால் நான் இன்றும் திடுக்கிட்டுப் பிள்ளையின் கையை இறுக்கிப் பிடிப்பேன். வெடியைக் கேட்டுப் பயப்படுவதற்கு முன்பே அவள் என் முகத்தைப் பார்த்துப் பயப்படுகிறாள். வளவுக்கு வெளியே விளையாட விடாததும், அரை மணி நேரம் பிந்தினால் வீதிக்கு ஓடிப்போய் நிற்பதும் நான்தான். எங்களுக்கு எவரும் ஆறுதல் தந்து முடிக்கவில்லை. அந்த நிலையில்தான் பிள்ளைகளுக்கு ஆறுதல் சொல்கிறோம்.

மகள் இன்னும் சில திங்கட்கிழமைகளில் வயிறு நோகிறது என்கிறாள், ஆனாலும் போகிறாள். எங்களுக்குக் கிடைத்த வழிகாட்டல் எல்லாப் பெற்றோருக்கும் கிடைப்பதில்லை. உளநலப் பிரிவின் வாசலில் நின்றால் "விசர்" என்று ஊர் கதைக்கும் என்ற அச்சம் ஒருபுறம். கூலிக்குப் போகும் தாய்க்கு ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் போய்விடும் என்பது மறுபுறம். ஆகவே, தவணைப் புள்ளிகளைச் சொல்ல எங்களை அழைக்கும் பெற்றோர் கூட்டத்திலேயே, ஒரு மணி நேரத்தை ஓர் உளவளத்துணையாளருக்கு ஒதுக்குமாறு கல்வி, சுகாதாரத் திணைக்களங்களை உங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். கூட்டத்தில் வாய் திறக்கக் கூச்சப்படும் பெற்றோருக்காக, தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை ஒவ்வொரு பாடசாலை வாசலிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம்.

இங்ஙனம்,
ஒரு தாய்,
கண்டாவளை, கிளிநொச்சி.