கியூவின் முன் ஒரு சாண்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்னூக்கர் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்குக் கியூ, அதாவது பந்தை அடிக்கும் கோல், வாங்குவது பற்றி விளையாட்டுப் பக்கத்தில் வந்த குறிப்பில், கொஞ்சம் கனமாக, பிடிப்பக்கம் வேலைப்பாடு நன்றாக உள்ளதாகப் பார்த்து வாங்கச் சொல்லியிருந்தீர்கள். கடைக்குப் போகிற எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள். கியூவுக்குக் கியூ ஆட்டம் மாறுவதற்கான காரணம் பெரும்பாலும் எதிர்முனையில், டிப் என்னும் முனைத் தோலிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கிறது. 1882-இல் உதகை கிளப்பில் விதிகள் எழுதி வைக்கப்பட்ட ஆட்டம் இது. நம் ஊர்ப் பத்திரிகையிலாவது இந்த விஷயம் சரியாக வரவேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

டிப் பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு மில்லி விநாடி. சைடு கொடுத்து, அதாவது பந்து சுழலும்படி மையத்துக்கு வலமோ இடமோ தள்ளி அடித்தால், டிப் பக்கவாட்டிலும் அசையும். ஒரு மில்லி விநாடியில் அந்த அசைவு ஷாஃப்டில், அதாவது கியூவின் தண்டில், ஒரு சாணுக்கு மேல் பின்னால் போய்ச் சேராது. அதனால் பக்கவாட்டில் பந்தோடு மல்லுக்கு நிற்பது அந்த முன்பகுதியின் எடை மட்டுமே. அது கூடக் கூட வெள்ளைப் பந்து எதிர்ப்பக்கம் அதிகமாக விலகும். வலது சைடு என்றால் இடப்பக்கம். டேபிளில் பிரவுன் பந்து வைக்கும் புள்ளிக்கும் கருப்புப் பந்து வைக்கும் புள்ளிக்கும் இடையே 2.5 மீட்டர். ஒரு டிகிரி விலகினாலே அங்கே போய்ச் சேரும்போது 44 மி.மீ. தள்ளியிருக்கும். பந்தின் குறுக்களவே 52.5 மி.மீ.தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

வருடக்கணக்காக ஒரே கியூவில் ஆடுகிறவருக்கு இந்த விலகலுக்குத் தக்கபடி குறியை மாற்றிப் பிடிப்பது கையோடு ஊறிப்போயிருக்கும். புதுக் கியூ வாங்கிய மாதத்தில் பையில் எளிதாக விழ வேண்டிய பந்துகள்கூடப் பையின் வாயில் பட்டுத் திரும்புவது அதனால்தான். வாங்கும் முன் சோதிப்பது சுலபம். வெள்ளையைப் பிரவுன் புள்ளியில் வைத்து, கியூவை முடிந்தவரை கிடைமட்டமாகப் பிடித்து, கருப்புப் புள்ளியை நோக்கி முழு சைடுடன் பலமாக அடியுங்கள். எங்கே போய்ச் சேர்கிறது என்று குறித்துக்கொண்டு அடுத்த கியூவிலும் அதையே செய்யுங்கள். பின்பக்கம் தூக்கிப் பிடித்தால் பந்து வளைந்து திரும்பி, கணக்கைக் கெடுத்துவிடும்.

முன்பகுதியின் எடையைத் தீர்மானிப்பவை மூன்று: டிப்பின் அகலம், ஷாஃப்டின் பருமன், ஃபெரூல் என்னும் பித்தளை வளையம். பித்தளை, ஷாஃப்டுக்கு ஆகும் ஆஷ் மரத்தைவிடச் சுமார் 12 மடங்கு அடர்த்தியானது. நீளமான, தடித்த வளையம் போட்ட கியூ விலகலில் காட்டிக்கொடுத்துவிடும். டைட்டானியத்தின் அடர்த்தி பித்தளையில் ஏறத்தாழப் பாதி. டிப் பெரும்பாலும் 9 முதல் 10 மி.மீ. அரை மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். எடையோடு விறைப்பும் மாறும்: வளையாமல் நிற்கும் திறன் பருமனின் நான்காம் அடுக்கில் ஏறும். 9.5 மி.மீ. இருக்கும் இடத்தில் 10 மி.மீ. வைத்தால் அந்த இடம் 23 சதவீதம் விறைப்பாகிவிடும்.

இதே கணக்குதான் உப்புத்தாள் பழக்கத்தின் மீது எனக்குள்ள கோபத்துக்கும் காரணம். சென்னை வியர்வையில் ஷாஃப்ட் விரலில் ஒட்டும். உடனே ஸ்னூக்கர் பார்லரில் யாராவது உப்புத்தாளை நீட்டுவார்கள். தேய்த்தால் அன்றைக்கு வழுக்கும், உண்மைதான். ஆனால் 9.5 மி.மீ. இருந்த இடம் 9.2 ஆனால் 12 சதவீத விறைப்பு போய்விட்டது என்று அர்த்தம். போன மரம் திரும்பாது. ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து துடைத்துவிட்டு, உலர்ந்த துணியால் கை சூடேறும்வரை தேய்த்தாலே போதும். எப்போதாவது இரண்டு சொட்டு ஆளிவிதை எண்ணெய் தடவி, மிச்சத்தைத் துடைத்துவிட்டு ஓர் இரவு வைக்கலாம். அந்தத் துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட வேண்டும்.

மரத்தில் ஆஷா மேப்பிளா என்பது பெரிதும் ருசி சார்ந்தது. ஆஷில் ரேகை தெரியும், மேப்பிள் மழமழவென்றிருக்கும். ஆஷ் ஷாஃப்டின் மேலும் கீழும் அம்பு முனை போன்ற ரேகைகளும், இரு பக்கமும் நேர்க்கோடுகளும் இருக்கும். அழகை விட்டுவிட்டு அந்த நேர்க்கோடுகளைப் பாருங்கள். டிப்வரை ஓட வேண்டும். பாதியிலேயே விளிம்பில் சரிந்து வெளியேறினால் அந்த இடத்தில் மரம் பலவீனம், நாளடைவில் கோணும். அம்பு ரேகை எப்போதும் மேலே இருக்கும்படி பிடித்து ஆடினால், வளைவது ஒவ்வொரு முறையும் ஒரே வாகில் இருக்கும். கோணல் இருக்கிறதா என்று டேபிளில் உருட்டிப் பார்ப்பவர்கள் நடுவே தெரியும் இடைவெளியைக் கண்டு பயப்பட வேண்டாம். உருளும்போது அது கூடிக் குறைந்தால்தான் கோணல்.

இனி எடை. 17 முதல் 19 அவுன்ஸ், அதாவது 480 முதல் 540 கிராமுக்குள் எதுவும் சரிதான். அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதே கேள்வி. விரலில் நிறுத்திப் பார்த்தால் அடிப்புறத்திலிருந்து 40 முதல் 46 செ.மீ.க்குள் சமநிலை கிடைக்க வேண்டும். நல்ல கியூவில் பிடிப்பக்கம் கருங்காலி. கழுத்து மாலைக்காக ஊரே தேடும் கருங்காலிதான், உலக்கைக்கும் ஆன மரம். தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனம் என்பதால் எடை பிடி நெடுகப் பரவி நிற்கும். மலிவுக் கியூவில் லேசான மரத்துக்குக் கறுப்புச் சாயம் பூசி, அடியில் ஈயக் கட்டியைச் செருகியிருப்பார்கள். தராசில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் எடை முழுக்க அடியில் குவிந்திருப்பதால் முன்பக்கம் மிதக்கும், அடி கொடுக்கும்போது டிப் மேலே எழும். கருங்காலி ஷாஃப்டுடன் சேரும் இடத்தில் முனைகள் வட்டமாக இருந்தால் கை ஒட்டு, ஊசியாக இருந்தால் இயந்திர ஒட்டு. இரண்டும் ஆடத் தாங்கும், கை ஒட்டுக்கு விலை அதிகம். விலையைப் பற்றி இவ்வளவு போதும்: ஸ்னூக்கர் வீரர் ஸ்டீபன் ஹெண்ட்ரி 1990-களில் ஏழு உலகப் பட்டங்களை வென்றது நாற்பது பவுண்டு விலையுள்ள கியூவால். 2003-இல் விமானப் பயணத்தில் அது உடைந்தபோது அதற்கு ஈடு தேடித் திண்டாடினார்.

நடுவில் பிரியும் இரண்டு துண்டா, பிடிப்பக்கம் பிரியும் முக்கால் துண்டா என்பது பயணத்துக்கான கேள்வி. முக்காலில் பித்தளை இணைப்பு சமநிலைப் புள்ளிக்கு அருகிலேயே விழுவதால் கைக்கு அதிகம் தெரியாது.

குறைந்த காசில் அதிக மாற்றம் தருவது டிப். நீல நிற எல்க் மாஸ்டர் டிப் பெட்டிக்கு ஐம்பது வரும், ஐம்பதும் ஒன்றுபோல் இருக்காது. கடினமான தரையில் ஒவ்வொன்றாகப் போட்டு, கணீரென்று ஒலிப்பவற்றைப் பொறுக்க வேண்டும். பல அடுக்குத் தோல் டிப் ஒரே சீராக இருக்கும், விலை பல மடங்கு. ஒட்டும் முன் பழைய பசையைச் சுரண்டி, பித்தளை விளிம்பும் உள்ளிருக்கும் மரமும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். மரம் உள்ளே இறங்கியிருந்தால் டிப் பித்தளை மேல் மட்டும் உட்கார்ந்து, அடி செத்துப்போகும். மட்டமாகும்வரை பித்தளையை மெல்லிய அரத்தால் சாயாமல் தேய்க்க வேண்டும். டிப்பின் அடியையும் தேய்த்து, ஜெல் பசை ஒரு சொட்டு வைத்து அழுத்துங்கள். காய்ந்ததும் டிப்பைப் பலகையில் ஊன்றி, புது பிளேடால் மேலிருந்து கீழாகச் சீவ வேண்டும், பித்தளையில் கீறல் விழாமல்.

டிப்பின் மேல்முனை வளைவுக்கு இங்கிலாந்தில் 18 மி.மீ. குறுக்களவுள்ள ஐந்து பென்ஸ் நாணயத்தைக் காட்டுவார்கள். அதற்கு ஒரு கணக்கு உண்டு. பந்தின் மையத்திலிருந்து சுமார் 13 மி.மீ.க்கு மேல் தள்ளி அடித்தால் டிப்பில் சாக் பொடி தேய்த்திருந்தாலும் மிஸ் கியூதான், அதாவது டிப் வழுக்கிவிடும். 9.5 மி.மீ. டிப்பில் அந்த நாணய வளைவு இருந்தால், 13 மி.மீ. வரையிலும் தோலின் வளைந்த பாகமே பந்தில் படும். தட்டையாகிப்போன டிப்பில் அதற்கு வெகு முன்பே ஓரம் மோதிவிடும். வெள்ளை பின்னோக்கித் திரும்பும்படி கீழே அடிக்கும் ஸ்க்ரூ போடும்போதெல்லாம் வழுக்குகிறது என்பவர்கள் சாக்கை மாற்றும் முன் டிப்பைப் பக்கவாட்டில் பார்க்கட்டும்.

கடைசியாக ஒன்று. வெளியே கடற்கரை ஈரம், உள்ளே ஏ.சி. என்று இருக்கும் பார்லர்களில் மரம் உலர்ந்து சுருங்கி, வளையம் தளரும். அடிக்கும்போது டிக் என்று ஒரு சத்தம் கேட்கும். டிப்பை எத்தனை முறை மாற்றினாலும் அது போகாது. வளையத்தைக் கழற்றி, உட்புறத்தைச் சுத்தம் செய்து, மறுபடி ஒட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஸ்னூக்கர் வாசகர், சென்னை