செல்வத்துக்கு, வழிச்சாப்பாடு பற்றி

அன்புள்ள செல்வம்,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சட்டை உன்னுடையதுதானா என்று கேட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

முன்பெல்லாம் விற்பனை வேலையாக ஓர் ஊரில் இறங்கியதும் ‘அப்பா, இங்க எங்க சாப்பிடலாம்’ என்று போன் போடுவாய். இப்போது கேட்பதில்லை. மாமாவுக்கு மட்டும் திண்டுக்கல் பிரியாணி போட்டோ போகிறது. போகட்டும். கேட்காவிட்டாலும் எழுதுகிறேன். மெஸ் அடுப்பில் நின்றவன் சொல்வதைக் கேட்டு வைத்துக்கொள்.

முதலில், காலையில் வெறும் வயிற்றோடு பஸ் ஏறாதே.

கடை விசாரிக்கும்போது ‘நல்ல ஹோட்டல் எது’ என்று கேட்காதே. அப்படிக் கேட்டால் பெரிய போர்டு வைத்த கடையைத்தான் காட்டுவார்கள். ‘நீங்க மதியம் எங்க சாப்பிடுவீங்க’ என்று கேள். தினமும் கைக்காசு போட்டுச் சாப்பிடுகிறவர்களிடம் கேட்க வேண்டும்: ஸ்டாக்கிஸ்ட் என்கிற மொத்த வியாபாரியின் குடோன் பையன்கள், மெடிக்கல் ஷாப்பில் நிற்பவர், கோர்ட் வாசலில் டைப் அடிப்பவர். லாட்ஜ் கவுண்டரில் கேட்டால் சில இடங்களில் கமிஷன் கடையைச் சொல்வார்கள். ஒருவருக்கொருவர் தெரியாத இரண்டு பேர் ஒரே கடையைச் சொன்னால் நம்பிப் போ. போகுமுன் ‘அங்க என்ன சாப்பிடணும், எத்தனை மணிக்குப் போகணும்’ என்பதையும் கேட்டுக்கொள். எல்லாமே நன்றாக இருக்கிற கடை கிடையாது. தோசைக்குப் பேர்போன இடத்தில் மீல்ஸ் கேட்டால் குற்றம் நம்முடையது.

மேப்பில் நாலரை நட்சத்திரம் இருக்கிறது என்று போய் உட்காராதே. அந்த நட்சத்திரம் பல வருஷம் சேர்ந்து வந்தது. அதைச் சம்பாதித்துக் கொடுத்த மாஸ்டர் இந்நேரம் வேறு கடையில் நிற்பார். மாஸ்டர் மாறினால் ருசி மாறும், போர்டு மாறாது. புதிய விமர்சனம் முதலில் வருகிற மாதிரி வைத்து, கடைசி இரண்டு மூன்று மாதத்தை மட்டும் படி. ஒற்றை நட்சத்திரம் போட்டவர்களைக் கட்டாயம் படி. ‘சர்வர் கவனிக்கவில்லை’, ‘வண்டி நிறுத்த இடமில்லை’ என்பதைத் தள்ளிவிடு. ‘புளித்த வாடை’, ‘ராத்திரி வயிறு சரியில்லை’ என்று இரண்டு பேர் தனித்தனியாக எழுதியிருந்தால் அந்தக் கடை வேண்டாம்.

திண்டுக்கல்லில் சீரகச் சம்பா பிரியாணியைத் தம் உடைத்த கொஞ்ச நேரத்தில் சாப்பிட வேண்டும். மூன்று மணிக்குப் போனால் அண்டாவின் அடியில் எண்ணெயும் மசாலாவும்தான் இருக்கும், அரிசி உதிராமல் குழைந்திருக்கும். வயிற்றில் கல் மாதிரி நிற்பது அதுதான். மூன்று மணிக்கு அந்த ஊரில் இறங்கினால் பிரியாணியை மறந்துவிட்டுத் தயிர்சாதம் தேடு.

மதுரையில் உனக்குக் கவலையில்லை, ராத்திரியிலும் ஆவி பறக்கிற இட்லி கிடைக்கும். கறிதோசை ஆசைக்குச் சாப்பிடு. ஆனால் கீழே தோசை, நடுவில் முட்டை, மேலே கொத்துக்கறி, அது ஒன்றே ஒரு வேளைச் சாப்பாடு. அதற்குமேல் பரோட்டா சொல்லாதே. பருத்திப்பால் கண்ணில் பட்டால் விடாதே. பருத்திவிதைப் பாலில் அரிசிமாவும் கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துக் காய்ச்சியது, டீக்குப் பதிலாக அதைக் குடி. நீ ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிக்கிறாய் என்று நான் கேட்கவில்லை.

விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா எண்ணெயில் மூழ்கிப் பொரிவது. உட்காருமுன் சட்டியைப் பார். நல்ல எண்ணெயில் மாவு போட்டதும் நுரை வந்து அடங்கும். பல தடவை சுட்ட எண்ணெயில் நுரை மேலே ஏறி அப்படியே நிற்கும், நிறம் கறுத்திருக்கும், சீக்கிரம் புகையும். அப்படியிருந்தால் எழுந்து வந்துவிடு, வெட்கப்படாதே. எண்ணெய் நன்றாக இருந்தாலும் ராத்திரியில் இரண்டு பரோட்டாவுக்கு மேல் வேண்டாம். சால்னா கொதிக்கிறதா என்று பார்த்து ஊற்றச் சொல். வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் நின்றதுதான் வம்பு.

இந்த வெயிலில் தேங்காய்ச் சட்னி காலை ஆறு மணிக்கு அரைத்தது பதினொரு மணிக்குப் புளித்துவிடும். விரலில் தொட்டு நாக்கில் வை. சுருக்கென்றால் ஒதுக்கு, சாம்பார் போதும்.

தூத்துக்குடி பக்கம் திரும்பினால் ஒன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகு கொண்டுவருவது கொஞ்சம்தான், விலையும் கூட. ஹோட்டலில் வஞ்சிரம் தாராளமாகக் கிடைத்தால் வெளியூரிலிருந்து ஐஸில் வந்ததா என்று கேள். அதைவிட ‘இன்னைக்கு நாட்டுப்படகுல என்ன வந்தது’ என்று கேட்டு, அவர்கள் சொல்கிற சின்ன மீனைச் சாப்பிடு.

நெல்லையில் சொதி கிடைத்தால் தேடிப் போய்ச் சாப்பிடு. பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும், காரம் குறைவு, கூட இஞ்சித் துவையல். உன் வயிற்றுக்கு அதுதான். இருட்டுக்கடை அல்வா சாயங்காலம்தான், சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆனால் நெய் மிதக்கிற பண்டத்தை வெறும் வயிற்றில் தின்னாதே. வெறும் வயிற்றில் எதுவும் வேண்டாம், டீயும் வேண்டாம்.

உன்னோடு லைன் பார்க்கிற பிள்ளைகளுக்கு நீ கடை சொல்கிறாய் என்று கேள்விப்பட்டேன். கேட்க நிறைவாக இருந்தது. நம் வீட்டில் முதலில் டை கட்டிய பிள்ளை, சாப்பாட்டு விஷயத்தில் நாலு பேருக்கு வழி சொல்கிறான். ஆனால் வெறும் போட்டோ அனுப்பினால் யாருக்கும் உதவாது. கடை எந்த பஸ் ஸ்டாப்பிலிருந்து எந்தப் பக்கம், என்ன சாப்பிட வேண்டும், எதைச் சொல்லக்கூடாது, எத்தனை மணிக்குத் தீரும், வார விடுமுறை என்றைக்கு, நீ சாப்பிட்ட தேதி, இவ்வளவும் எழுது. தேதி முக்கியம், ஆறு மாதம் கழித்துப் படிக்கிறவன் ஏமாறக்கூடாது. நன்றாக இல்லாத கடையையும் எழுது.

ராஜபாளையம் மாமா எல்லாம் சொன்னார். டாக்டரிடம் போனதை நீ என்னிடம் சொல்லியிருக்கலாம் தம்பி. அம்மாவுக்குத் தெரியாது, நான் சொல்லவும் மாட்டேன். என்ன மாத்திரை, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று எழுது. காலையில் வெறும் வயிற்றில் போட்டு அரை மணி கழித்துச் சாப்பிடச் சொல்லியிருந்தால், லாட்ஜ் பக்கத்தில் எந்தக் கடை எத்தனை மணிக்கு அடுப்பு பற்றவைக்கிறது என்று முந்தின ராத்திரியே விசாரித்து வை. ஏழு மணி பஸ் என்றால் ஆறு மணிக்கு இட்லி வெந்திருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்ட் டீக்கடைக்காரரைக் கேள், அவருக்குத் தெரியும். இல்லையென்றால் என்னைக் கேள், அந்த ஊரில் யாரையாவது பிடித்துக் கேட்டுச் சொல்கிறேன்.

அப்பா