வைஃபையைப் பகிர்ந்து விற்பது: சேலத்தில் எங்கே எடுபடும், ஏற்காட்டில் எங்கே இடறும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடையிலோ விடுதியிலோ ஏற்கெனவே இருக்கும் இன்டர்நெட் லைனை வருகிறவர்களுக்கு வைஃபையாகப் பகிர்ந்து நாலு காசு பார்க்க முடியுமா என்று லாட்ஜ்காரர்களும் ஹாஸ்டல் நடத்துவோரும் ரீசார்ஜ் கடைக்காரர்களும் கேட்கிறார்கள். முடியும். ஆனால் நினைத்த இடத்திலெல்லாம் முடியாது, நினைத்தபடியும் செய்யக் கூடாது.

செய்யக் கூடாததை முதலில் சொல்லிவிடுகிறோம். வீட்டு லைனின் பாஸ்வேர்டைப் பக்கத்து மூன்று வீடுகளுக்குக் கொடுத்து மாதம் இருநூறு, முந்நூறு வாங்குவது பல தெருக்களில் நடக்கிறது. இணைப்பை மறுவிற்பனை செய்ய உரிமம் வேண்டும். வீட்டு பிளானின் ஒப்பந்தம் அதை அனுமதிப்பதில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், அந்த லைன் வழியாக யார் என்ன செய்தாலும் பதிவாகும் ஐபி முகவரி (இணையத்தில் அந்த இணைப்பின் அடையாள எண்) இணைப்பு வாங்கியவர் பெயரில் இருப்பது. ஆன்லைன் மோசடி ஏதாவது நடந்தால் போலீஸ் முதலில் தட்டுவது அவர் வீட்டுக் கதவைத்தான். 2008-ல் அகமதாபாத் குண்டுவெடிப்பையொட்டி வந்த மின்னஞ்சல், பூட்டாமல் கிடந்த ஒரு வைஃபை வழியாக அனுப்பப்பட்டது என்று தெரிய வந்தது. அதன் பிறகு, 2009-ல், பொது வைஃபையில் நுழைகிறவர் யார் என்று உறுதிசெய்ய வேண்டும் எனத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. ஓடிபி கேட்கும் வழக்கம் அங்கிருந்து வந்ததுதான்.

சட்டப்படி செய்ய வழி இருக்கிறது. அதற்குச் செலவும் அதிகமில்லை. 2020 டிசம்பர் 9 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம்.-வாணி என்ற பொது வைஃபைத் திட்டத்தில், வைஃபை விற்கும் கடைக்கு பி.டி.ஓ. (பப்ளிக் டேட்டா ஆபிஸ்) என்று பெயர். மஞ்சள் போர்டு மாட்டிய பி.சி.ஓ. பொதுத் தொலைபேசிக் கடைகளின் காலத்தை மனதில் வைத்தே இந்தப் பெயர். பி.டி.ஓ. ஆக உரிமம் வேண்டாம், தொலைத்தொடர்புத் துறையில் பதிவு வேண்டாம், கட்டணமும் இல்லை. அவருக்கு மேலே பி.டி.ஓ.ஏ. என்ற ஒருங்கிணைப்பாளர் இருப்பார். பதிவு செய்துகொள்ள வேண்டியவர் அவர்தான். வாடிக்கையாளரை அனுமதிப்பது, கணக்குப் பார்ப்பது, யார் எப்போது இணைந்தார் என்ற பதிவைப் பாதுகாப்பது எல்லாம் அவர் பொறுப்பு. வாடிக்கையாளர் போனில் இருக்கும் செயலியை நடத்துபவர் மூன்றாமவர். இவர்களின் பட்டியலை மத்திய அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனமான சி-டாட் வைத்திருக்கிறது. கடைக்காரர் செய்ய வேண்டியது, ஒருங்கிணைப்பாளர் ஒருவரோடு ஒப்பந்தம் போட்டு, அவருடைய மென்பொருளோடு ஒத்துப்போகும் ரவுட்டரை மாட்டுவது மட்டும்.

இத்தனை ஆண்டுகளாக இது சூடுபிடிக்காததற்கு முக்கியக் காரணம் லைன் விலை. பி.டி.ஓ. என்று சொன்னதும் வீட்டு பிளான் கிடையாது, நிறுவனங்களுக்கான தனி லைனான லீஸ்டு லைன் எடுங்கள் என்று பல மடங்கு விலை சொன்னார்கள். 2025 ஜூனில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதற்குக் கடிவாளம் போட்டது. 200 எம்பி (நொடிக்கு 200 மெகாபிட்) வேகம் வரையுள்ள வீட்டு ஃபைபர் பிளான்கள் அனைத்தையும் பி.டி.ஓ.க்களுக்குத் தர வேண்டும், வீட்டுக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்பது அந்த ஆணை. இதைத் தெரிந்துகொண்டு லைன் கேட்கப் போவது நல்லது. கவுன்ட்டரில் இருப்பவருக்குத் தெரிந்திருக்கும் என்று நம்ப முடியாது.

அடுத்தது, யார் வாங்குவார்? ஸ்பெயினில் 2005 வாக்கில் தொடங்கிய ஃபான் நிறுவனம், அவரவர் வீட்டு வைஃபையில் ஒரு பங்கைத் திறந்துவிட்டால் மற்ற உறுப்பினர்களின் வைஃபையை ஊர் ஊராக இலவசமாகப் பயன்படுத்தலாம், வெளியாள் காசு கொடுக்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்தது. போனில் டேட்டா யானை விலை விற்ற காலம் அது. நம் நாட்டில் 2016-ல் மும்பை சென்ட்ரலில் தொடங்கி நூற்றுக்கணக்கான ரயில் நிலையங்களில் கூகுள் இலவச வைஃபை கொடுத்தது. டேட்டா மலிந்துவிட்டது, இனி தேவையில்லை என்று 2020-ல் அதுவே விலகிக்கொண்டது. ஆகவே புதிய பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்கு நிற்பவரிடமும், ஐந்து ரோட்டில் டீ குடிப்பவரிடமும் வைஃபை விற்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். அவர் போனிலேயே போதுமான டேட்டா இருக்கும்.

விற்கும் நேரம் இரவு ஒன்பதுக்கு மேல். நாளுக்கு ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி பிளானில் இருப்பவருக்கு அந்த நேரத்தில் டேட்டா தீர்ந்து வேகம் படுத்துவிடும். நள்ளிரவு வரை காத்திருக்க வேண்டும். ஒரே கூரையின் கீழ் அப்படி ஐம்பது பேர் இருக்கும் இடமே நம் சந்தை: கல்லூரி மாணவர் ஹாஸ்டல்கள், வெளிமாநிலத் தொழிலாளர் தங்கும் அறைகள், லேப்டாப்போடு படிக்கும் பயிற்சி மையங்கள், தடித்த சுவருக்குள் சிக்னல் நுழையாத பட்டறைகள். ஏற்காட்டில் இதோடு மே மாத சீசன் சேர்கிறது. கோடை விழாக் கூட்டத்தில் டவர்கள் திணறும்போது, போனில் சிக்னல் கோடு நிறைய இருந்தும் படம் நகராது.

கணக்கு இப்படி வரும். வீட்டு பிளான் 800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பி.டி.ஓ.வுக்கு அதிகபட்சம் 1,600. கருவிகள் எல்லாமாக 30 வாட் என்றால் மாதம் 22 யூனிட் கரண்ட். இருநூறு ரூபாய்க்குள் அடங்கும். ஆக 1,800. ஒரு நாள் பயன்பாட்டுக்குப் பத்து ரூபாய் என்று விற்கும் வவுச்சரில் ஒருங்கிணைப்பாளர் பங்கு போக ஏழு ரூபாய் நின்றால், நாளுக்கு ஒன்பது வவுச்சர் விற்றால்தான் கைக்காசு போடாமல் ஓடும். அதற்கு மேல் இன்னும் எட்டு விற்றால், வைஃபை அலையைப் பரப்பும் அக்சஸ் பாயின்ட், பேட்டரி, கேபிள் என்று போட்ட பத்தாயிரம் ஆறு மாதத்தில் திரும்பும். ஐம்பது பேர் தங்கும் ஹாஸ்டலுக்கு நாளுக்குப் பதினேழு சாதாரணம். மூலைப் பெட்டிக்கடைக்கு அது எட்டாத எண். ஒருங்கிணைப்பாளர்களின் பங்கு ஒன்றுபோல் இருக்காது. பணம் எத்தனை நாளுக்கு ஒருமுறை கணக்கில் ஏறும் என்பதையும் கையெழுத்துக்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹாஸ்டலில் முதல் வாரம் எல்லாம் நன்றாக ஓடும், இரண்டாம் வாரம் புகார் வரும். 100 எம்பி லைனில் 40 பேர் ஒரே நேரத்தில் இருந்தால் ஆளுக்கு இரண்டரை எம்பி. 480 தரத்தில் படம் பார்க்க அது போதும். ஆனால் ஒரே ஒரு லேப்டாப் ஐம்பது ஜிபி கேம் இறக்கத் தொடங்கினால் மொத்த லைனையும் விழுங்கிவிடும். எனவே ஆளுக்கு இறக்கத்தில் (டவுன்லோடு) 5, ஏற்றத்தில் (அப்லோடு) 2 எம்பி என்று வரம்பு வையுங்கள். ஏற்றத்துக்கு வரம்பு வைக்கப் பலரும் மறக்கிறார்கள். நாலு போன்கள் போட்டோக்களை பேக்கப் எடுக்க ஆரம்பித்தாலே அடுத்த அறையின் வீடியோ கால் வெட்டி வெட்டி வரும். அன்லிமிடெட் என்று விற்கும் பல பிளான்களுக்கு மாதம் 3,300 ஜிபி எல்லை உண்டு என்பதும் நினைவிருக்கட்டும். 60 பேர் நாளுக்கு இரண்டு ஜிபி எடுத்தால் மாதம் 3,600. கடைசி மூன்று நாள் லைன் நத்தையாகிவிடும்.

இன்னொரு புகார், ‘கனெக்ட் ஆகுது, நெட் வரலை’. காரணம் பெரும்பாலும், ரவுட்டர் ஒவ்வொரு போனுக்கும் தரும் முகவரி எண் தீர்ந்துபோவது. சாதாரண ரவுட்டர் 250 சொச்சம் முகவரிகளைத்தான் வைத்திருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு போனுக்கு 24 மணி நேரம் ஒதுக்கிவிடும். லாட்ஜ் வரவேற்பறை போல ஆட்கள் வந்து போகும் இடத்தில், கிளம்பிப் போனவரின் போன் பெயரிலேயே முகவரி முடங்கிக் கிடக்கும். லீஸ் டைம் எனப்படும் அந்த ஒதுக்கீட்டு நேரத்தை ஒரு மணி நேரமாகக் குறைத்தால் சரியாகிவிடும். இப்போதைய போன்கள் தங்கள் உண்மையான மேக் முகவரியை, அதாவது கருவியின் அடையாள எண்ணை, காட்டாமல் வேறொன்றைக் காட்டுகின்றன. நெட்வொர்க்கை அழித்துவிட்டு மறுபடி சேர்ந்தால் சில போன்களில் அது மாறியும் விடும்; அப்போது ரவுட்டருக்கு அது புதுப் போன். ‘காசு கட்டிவிட்டேன், திரும்பவும் கேட்கிறது’ என்று வருபவரிடம் முதலில் பார்க்க வேண்டியது இதை.

மாடிக்கு ஓர் அக்சஸ் பாயின்ட், நடைக்கூடத்தின் நடுவில் போதும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 என்ற மூன்று சேனல்களை மாடிவாரியாகப் பிரித்து, சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். பவரை உச்சத்தில் வைப்பதால் பயனில்லை. ரவுட்டர் பேசுவது போனுக்குக் கேட்கும். போன் திருப்பிப் பேசுவது ரவுட்டருக்குக் கேட்காது. வாடிக்கையாளரின் போன்கள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி ஐசொலேஷன் போட வேண்டும். பில் கம்ப்யூட்டரும் சிசிடிவியும் தனி நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். இதில் சமரசமே கூடாது.

கேபிளில் மிச்சம் பிடிப்பவர்கள் அதிகம். கேட்-6 என்று எழுதி மலிவாக விற்கும் பலவும் செம்பு முலாம் பூசிய அலுமினியம். கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அதுதான். நெட் வயர் வழியாகவே கரண்ட் கொடுக்கும்போது 60, 70 மீட்டரில் இதில் வோல்டேஜ் இறங்கிவிடும். ஆள் குறைவான பகலில் ஓடும் கருவி, இரவில் சுமை ஏறியதும் தானே அணைந்து எழும். ரவுட்டர் கெட்டுவிட்டது என்று மாற்றுவார்கள், புதியதும் அதையே செய்யும்.

ஏற்காட்டுக்கு வருவோம். மலையில் எது நின்றாலும் பழி மூடுபனிக்குத்தான் போகிறது. கட்டடத்துக்குக் கட்டடம் வயர்லெஸ் இணைப்புக்குப் பயன்படும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு மூடுபனி ஒரு தடையே இல்லை; நாலைந்து கிலோமீட்டர் தூரத்துக்குக் கனமழைகூடப் பெரிதாக ஒன்றும் செய்யாது. தடை சில்வர் ஓக் மரம். எஸ்டேட் பங்களாவுக்கும் லாட்ஜுக்கும் இடையே மூன்று கிலோமீட்டர் வயர்லெஸ் இணைப்பு போட்டால், எதிர்முனை கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. நடுவழியில் அந்த நேர்கோட்டைச் சுற்றி ஏறக்குறைய ஆறு மீட்டர் ஆரம் அலைக்கு வேண்டும். அதில் அறுபது சதவீதமாவது, அதாவது சுமார் நாலு மீட்டராவது மரக்கிளை இல்லாமல் இருக்க வேண்டும். ஏப்ரலில் போட்ட இணைப்பு ஐப்பசி மழையில் படுப்பது, வளர்ந்த கிளையில் இலை நனைந்து அலையை உறிஞ்சுவதால். ஆன்டெனாவை இரண்டு மீட்டர் உயர்த்தினால் சரியாகும் வேலைக்கு, புதுக் கருவி வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். கனெக்டர் வழியாகத் தண்ணீர் இறங்குவது இன்னொரு காரணம். கேபிளை நேராக மேலிருந்து செருகாமல், கீழே ஒரு வளைவு விட்டு மேலேற்றினால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

காட்டேஜ்களுக்கு இடையே 40 மீட்டர் தூரமே என்றாலும் செம்புக் கேபிளை வெளியில் இழுக்க வேண்டாம். பக்கத்தில் மின்னல் விழுந்தால் இரு கட்டடங்களின் எர்த்துக்கும் இடையிலான வித்தியாசம் அந்தக் கேபிள் வழியாகப் பாய்ந்து இரு பக்க போர்ட்டையும் எரிக்கும். ஃபைபரில் கரண்ட் ஏறாது. ஃபைபரை இரு முனையிலும் நெட் வயரோடு இணைக்கும் ஒரு ஜோடி கன்வர்ட்டர் விலையோடு முடிந்துவிடும். மரம் விழுந்து கரண்ட் போகும் ஊரில் இன்னொரு வசதியும் உண்டு. வீட்டு ஃபைபர் வழியில் இடையில் இருந்து லைனைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டருக்குக் கரண்டே வேண்டாம். லைன் கொடுப்பவரின் முனையில் பேட்டரி இருந்து, ஃபைபர் வந்து சேரும் உங்கள் ஓஎன்யு பெட்டிக்கும் அக்சஸ் பாயின்டுக்கும் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து நேரடியாகக் கொடுத்துவிட்டால், ஊர் இருட்டாக இருக்கும்போதும் நெட் ஓடும். 7 ஆம்பியர்-மணி பேட்டரி 30 வாட்டை ஒன்றரை மணி நேரம் தாங்கும். மலைக்கு இரண்டு வாங்குங்கள்.

திட்டம் வகுத்தவர்கள் யோசிக்காத ஓர் இடம் இருக்கிறது. வைஃபை மிக அவசியமான மலைக் கிராமங்களில் செல்போன் சிக்னல் இல்லை. சிக்னல் இல்லாத இடத்துக்கு ஓடிபி எப்படி வரும்? செயலியில் ஒருமுறை பதிந்துவிட்டால் பிறகு எந்த பி.எம்.-வாணி வைஃபையிலும் நுழையலாம் என்பதால், லாட்ஜ்காரர்கள் முன்பதிவுச் செய்தியோடேயே ‘அடிவாரம் தாண்டுவதற்குள் செயலியில் பதிந்துகொள்ளுங்கள்’ என்று அனுப்பிவிடலாம். மலைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது தீர்வாகாது. சிக்னல் கிடைக்கும் ஏற்காடு டவுனில், பள்ளி வேலை நாட்களில், மாவட்ட நிர்வாகம் பதிவு முகாம் நடத்தலாம். ஒரு மேசை, ஒரு வைஃபை, இரண்டு ஆள் போதும்.

கடைசியாக ஒரு கோரிக்கை. டிராய் ஆணைப்படியான பி.டி.ஓ. கட்டணத்தைத் தமிழில் அச்சிட்டு, இணைய நிறுவனங்களின் சேலம் அலுவலகங்கள் ஒவ்வொன்றிலும் ஒட்டச் சொல்ல வேண்டும். மே சீசனுக்கு ஏற்காட்டில் வைஃபை விற்க வேண்டுமானால் லைன் கேட்டு விண்ணப்பிக்க வேண்டிய மாதம் ஜனவரி. அந்த அறிவிப்பு அதற்கு முன் வர வேண்டும்.

இப்படிக்கு,
கேபிள், இணைய இணைப்புத் தொழில் செய்வோர் சிலர்,
சேலம்.